ஆயாவோட அடுப்பும் ஒரு லோடு மண்ணும்

போன வருசம் குறிஞ்சிப்பாடியில எங்க பழைய வீட்டை இடிச்சோம். காலையில எட்டு மணிக்கு ஜேசிபி வந்துச்சு. பத்தரைக்கெல்லாம் முக்கால்வாசி வேலையை முடிச்சுட்டு டிரைவர் டீ குடிச்சிட்டு இருந்தார். சமையக்கட்டு இருந்த மூலையில, தோண்டின பள்ளத்தோட பக்கவாட்டுல மட்டும் ஒரு பட்டை தெரிஞ்சுது. மேலே வெளுத்த சாம்பல், அடுத்து கறுப்பு, அதுக்குக் கீழே செங்கல் மாதிரி செவந்துபோன மண்ணு. ஆயா அறுபது வருசமா சவுக்கு மிலாறும் முந்திரி விறகும் போட்டு எரிச்ச கொடியடுப்பு இருந்த இடம். ஒரு போட்டோ எடுக்கலாம்னு செல்போனைத் தேடுறதுக்குள்ள டீ முடிஞ்சுபோச்சு. அடுத்த வாளியில எல்லாத்தையும் அள்ளிட்டாரு.

"சாம்பல்தானே தம்பி, விடுங்க"ன்னார். அவரைச் சொல்லிக் குத்தமில்லை. அகழாய்வுச் செய்தி படிக்கிற நாமளும் அதேதான் பண்றோம்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆதங்கம்.

நம்ம மாவட்டத்துல பண்ருட்டி பக்கம் மருங்கூர்ல 2024-ல தமிழ்நாடு தொல்லியல் துறை குழி போட்டது. எங்க ஆளுங்க வாட்ஸ்அப்ல கேட்ட முதல் கேள்வி "தங்கம் கெடைச்சுதா?" ரெண்டாவது, "எழுத்து கெடைச்சுதா?" அடுப்பு கெடைச்சுதான்னு ஒருத்தரும் கேக்கலை. சரி, நம்ம மொழியில கொல்லன் பட்டறையில இருக்கறதும் உலை, சோத்துக்குக் கொதிக்கற தண்ணியும் உலை. நொய்யல் கரையில கொடுமணல்ல இரும்பு உருக்கின உலை கெடைச்சதைப் பத்திப் பேசறோம், பெருமைப்படறோம். நியாயம்தான். மயிலாடும்பாறை இரும்புக்கு கி.மு. 2172-ன்னு காலம் வந்துச்சுன்னு 2022-ல அறிவிச்சப்ப நானும்தான் நாலு பேருக்கு அனுப்பினேன். ஆனா அந்த இரும்படிச்சவன் மத்தியானம் என்ன சாப்பிட்டான், அதை யாரு சமைச்சாங்கங்கறது எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி.

அடுப்பைத் தோண்டறது பொறுமைசாலிங்க வேலை. செவந்த மண்ணு வட்டமா தெரிய ஆரம்பிச்சதும் மண்வெட்டியை ஓரமா வெச்சுட்டு கரண்டியும் பிரஷ்ஷும் எடுக்கணும். முழுசா அள்ளக்கூடாது. பாதியை மட்டும் வெட்டி எடுத்தா, கேக்கை நறுக்கின மாதிரி மீதிப் பாதியோட குறுக்குவெட்டு நிக்கும். எத்தனை தடவை எரிஞ்சுது, எத்தனை தடவை புதுசா மெழுகினாங்கன்னு அதுல தெரியும். சாம்பலைப் பையில அள்ளி, பிறகு தண்ணியில கரைச்சா மண்ணு அடியில தங்கும், கருகின தானியமும் கரியும் மிதக்கும். சல்லடையில புடிச்சுக்கலாம். அரிசி களையற மாதிரிதான். ஆயாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை :)

இப்படிச் சலிச்சா என்ன வரும்னு கேட்டா, ஜோர்டான் நாட்டுல ஷுபைக்கா-ங்கற இடத்தைச் சொல்லுவேன். அங்க ரெண்டு அடுப்புல இருந்த கருக்கல்ல 14,400 வருசத்துக்கு முந்தின ரொட்டித் துணுக்குங்க இருந்துச்சு. 2018-ல வெளியான ஆய்வு. அந்த ஊர்ப்பக்கம் விவசாயம் ஆரம்பிக்கறதுக்குச் சுமார் நாலாயிரம் வருசம் முன்னாடி! காட்டுத் தானியத்தையும் கோரைக்கிழங்கையும் இடிச்சு மாவாக்கிச் சுட்டிருக்காங்க. 'முதல்ல பயிர், பிறகு ரொட்டி'ன்னு நாம படிச்ச வரிசையையே, தூக்கிப்போட வேண்டிய கருக்கல் மாத்திப்புடுச்சு.

நான் சாஃப்ட்வேர்காரன். என்னை அசத்தினது இன்னொரு விசயம். களிமண்ணுல பொடிப்பொடியா இரும்புத் தாதுங்க இருக்கு. அடுப்பு அறுநூறு எழுநூறு டிகிரிக்குச் சூடாகி ஆறும்போது, அந்த நேரத்துல பூமியோட காந்தப்புலம் எந்தப் பக்கம் இருக்கோ அதை அதுங்க அப்படியே புடிச்சு வெச்சுக்கும். காந்தப்புலத்தோட திசை காலப்போக்குல நகர்ந்துகிட்டே இருக்கு. அதனால அந்த வட்டாரத்துக்கான ஒப்பீட்டு வரைபடம் இருந்தா, அடுப்பு கடைசியா எப்ப நல்லா எரிஞ்சுதுன்னு கணக்குப் போடலாம். யாரும் எழுதாமலே எழுதின லாக் ஃபைல். ஆனா அடுப்பு இருந்த இடத்துல இருந்த வாக்குல இருக்கணும். வடக்கு எதுன்னு குறிக்காம பேத்தெடுத்தா திசை போச்சு. அகழாய்வே ஒருதரம் மட்டும் படிக்க முடியற ஃபைல்தான், பேக்கப் கிடையாது.

அடுப்புன்னு ஒத்துக்கறதுலயே சிலருக்குக் கூச்சம் இருக்கோன்னு தோணும். ராஜஸ்தான்ல காளிபங்கன்ல 1960கள்ல தோண்டினப்ப, மேடை மேல வரிசையா சாம்பல் குழிங்க கெடைச்சுது. யாகத்துக்கான தீக்குண்டம்னாங்க தோண்டினவங்க. அப்படிச் சொல்ல ஆதாரம் போதாதுன்னு மறுத்த அறிஞர்களும் உண்டு. எந்தப் பக்கம் சரின்னு தீர்ப்பு சொல்ல நான் ஆள் இல்லை. என் வருத்தமெல்லாம், குண்டம்னா அதைப் பத்திப் பக்கம் பக்கமா எழுதறவங்க, அதே ஊர்ல வீட்டுக்குள்ள கெடைச்ச ரொட்டி அடுப்புங்களை ஒரு வரியில தாண்டிடறாங்களேன்னுதான். சோறாக்கறது அவ்ளோ மட்டமா?

எங்க ஊர்க்காரனுக்கு இந்தக் குழப்பமே வரக்கூடாது. பக்கத்துல வடலூர்ல, வள்ளலார் 1867 மே 23-ல ஏத்தின சத்திய தருமச்சாலை அடுப்பு இன்னிக்கும் எரியுது. 21 அடி நீளம், ரெண்டரை அடி அகலம், ரெண்டரை அடி ஆழம். அங்க கும்பிடறவங்களும் இருக்காங்க, சோறும் வெந்துகிட்டு இருக்கு. சின்ன வயசுல தைப்பூசத்துக்குப் போய் அந்தச் சூட்டுக்கு முன்னாடி நின்னப்ப வேர்த்ததுதான் ஞாபகம். இப்ப யோசிச்சா விளையாட்டா ஒண்ணு தோணுது. காந்தக் கணக்குக்கு அடுப்பு ஆறணும். அணையாத அடுப்புக்குத் தேதி எப்படிப் போடறது?

ஆயாகிட்ட இதையெல்லாம் சொன்னேன். கேட்டுட்டு, "மண்ணை எங்கடா கொட்டுனான்?"னு கேட்டுது. நெய்வேலி ரோட்டுல யாரோ ஒருத்தர் பள்ளமான மனைக்கு ரொப்பறதுக்கு ரெண்டு லோடு வாங்கிக்கிட்டார்னேன். "அடுப்பு மண்ணுடா அது, கறையான் ஏறாது. அவன் குடுத்து வெச்சவன்"னுட்டு வெத்தலைப் பெட்டியைத் தேட ஆரம்பிச்சுது.