பெட்டியோடு நகர்த்துவோம்!



ஆண்டு மலர் வெளியிடும் எந்தத் தமிழ்க் கழகத்திலும் பழைய குறுவட்டுகளும் வன்தட்டுகளும் குவிந்து கிடக்கும். அவற்றிலுள்ள ஆயிரக்கணக்கான கோப்புகளைச் சுட்டியால் ஒவ்வொன்றாக இழுத்து அடுக்க வேண்டியதில்லை. கட்டளை வரியில் சிறு நிரல் எழுதினால் போதும். லினக்சில் ‘ஃபைண்ட்’ கோப்புகளை வகைவாரியாகத் தேடித் தரும், ‘எம்வி’ நகர்த்தும். விண்டோசில் பவர்ஷெல் இதையே செய்யும்.

ஆனால், எதை நகர்த்துவது? கோப்பையா, கோப்புறையையா? கோப்புறையைத்தான் என்பேன்.

யூனிகோடில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றது. ஆயினும், 2000களில்கூட நம்மவர் பலர் திஸ்கி முதலிய பழைய குறியேற்றங்களில்தான் தட்டச்சு செய்தனர். உரிய எழுத்துரு இல்லையேல் அக்கவிதைகள் வெறும் அந்நியக் குறிகளாகவே தெரியும். ‘டாக்’ கோப்புகளை ஓரிடத்துக்கும், ‘டிடிஎஃப்’ எழுத்துருக்களை வேறிடத்துக்கும் பிரித்துவிட்டால், எந்தக் கட்டுரைக்கு எந்த எழுத்துரு என்ற தடயமே அழிந்துவிடும். பேஜ்மேக்கர் பக்கங்களும் தம்மோடு இணைத்த படங்களைக் காணாமல் தவிக்கும். மேலும், ‘ஆசிரியர் உரை’ என்ற கோப்பு ஆண்டுதோறும் இருக்குமல்லவா? எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டினால், ‘எம்வி’ பெரும்பாலும் நம்மைக் கேட்காமலே ஒன்றின்மேல் மற்றொன்றை எழுதிவிடும்.

வகை பிரித்தால்தானே தேடுவது எளிது என்பர் சிலர். தேடுவதற்குப் பட்டியல் போதும். பொருளைக் கலைக்க வேண்டியதில்லை. பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்தைப் பாருங்கள். பெட்டியை உடைத்துச் சரக்கை வகை பிரித்தா ரயிலில் ஏற்றுகிறார்கள்? பெட்டியோடுதான் ஏற்றுகிறார்கள். உள்ளே இருப்பதைச் சொல்லத் தாள் இருக்கிறது.

எனவே, முதலில் முழுப் பிரதி ஒன்று எடுங்கள். பழைய வகைக் கோப்புகள் எந்தெந்த ஆண்டுக் கோப்புறைகளில் உள்ளன என்று ‘ஃபைண்ட்’ மூலம் பட்டியலிடுங்கள். பட்டியலைக் கண்ணால் சரிபார்த்த பிறகே அந்த ஆண்டுக் கோப்புறையை முழுதாக நகர்த்துங்கள். யூனிகோடுக்கு மாற்றுவது அதற்கடுத்த வேலை.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தன் மின்பதிப்புகளின் முகப்பிலேயே குறியேற்றத்தைக் குறிப்பிட்டு வந்தது. அந்த ஒழுங்கு நமக்கும் வேண்டும். நமக்கு முன் படித்தவர்களின் எழுத்து, பிரதி இருந்தும் படிக்க முடியாததாக ஆகிவிடக் கூடாது. நிரல் எழுதத் தெரிந்த ஒருவரும், அந்த ஆண்டை நினைவில் வைத்திருக்கும் முன்னாள் மாணவர் ஒருவரும் சேர்ந்து அமர்ந்தால் போதும். இப்பணியை இவ்வாண்டே தொடங்குவோம்!