தோற்ற ஆட்டமே ஆசான்

தாராவியில் நாம் நன்கறிந்த இளைஞர் ஒருவர் சென்ற திங்கள் நம்மைக் கண்டு குறைப்பட்டுக்கொண்டார். பகலெல்லாம் தையற்கூடத்தில் உழைத்துவிட்டு, இரவில் கைப்பேசியில் இணையச் சதுரங்கம் ஆடுகிறவர் அவர். "ஓராண்டாக ஆடுகிறேன். என் தரப்புள்ளி 1100-ஐத் தாண்டவில்லை. எனக்கு வாய்த்த அறிவு இவ்வளவுதானோ?" என்றார்.

அவர் ஆடுவதை அருகிலிருந்து கண்டோம். எல்லாம் மூன்று நிமிட ஆட்டங்கள். ஐந்தாம் நகர்த்தலுக்குள் ராணி தன்னந்தனியே களத்திற்குப் புறப்பட்டுவிடுகிறாள். எதிராளி தடுமாறினால் வெற்றி. நிதானித்தாலோ, ராணியைத் துரத்திக்கொண்டே தம் குதிரைகளையும் மந்திரிகளையும் நல்ல இடங்களில் நிறுத்திவிடுகிறார். தோற்றதும் நண்பர் அடுத்த ஆட்டத்திற்குத் தாவுகிறார். தோற்றது ஏன் என்று ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

விரைவாட்டம் குற்றமன்று. மானுவல் ஆரோன் 1972-இல் சென்னையில் தொடங்கிய தால் சதுரங்கக் கழகத்தில், சிறுவன் விசுவநாதன் ஆனந்த் ஆடி வளர்ந்ததும் விரைவாட்டமே. தோற்றவர் எழுந்து பிறருக்கு இடம்விட வேண்டும் என்பது அங்கே வழக்கம். மின்னல் வேகத்திற்குப் பெயர்பெற்ற ஆனந்த் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டரானார். ஆயினும், 1995-இல் நியூயார்க்கில் உலகப் பட்டத்திற்கான போட்டியில் காஸ்பரோவிடம் தோற்றார். 2000-இல்தான் ஃபிடேயின் உலகப் பட்டம் அவர் கைக்கு வந்தது. வேகம் மட்டும் போதுமாயின் அத்தனை ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்திராது.

நம் நண்பருக்கு ஒன்றே கூறினோம்: இரவுக்கு ஓர் ஆட்டம், பதினைந்து நிமிடக் கணக்கில் ஆடுக. தோற்றால், கணிப்பொறி பிழையைக் காட்டுமுன் தாமே தேடிக் குறிப்பேட்டில் எழுதுக.

மூன்று வாரங்கள் சென்றன. தரப்புள்ளி இன்னும் பெரிதாக உயரவில்லை. ஆனால் குறிப்பேட்டில் பதினொரு தோல்விகள் பதிவாகியிருந்தன. அவற்றுள் ஏழின் எதிரே ஒரே சொற்றொடர்: "ராணி முந்தினாள்." அதைக் காட்டிச் சிரித்தார் நண்பர். "அறிவில்லை என்று நினைத்தேன். பொறுமைதான் இல்லை. அதைக் கற்றுக்கொள்ளலாமே!" என்றார்.

மாதுங்காவிலும் செம்பூரிலும் நம் இல்லத்துப் பிள்ளைகள் பலர் இவ்வாறே ஆடுகின்றனர். பெற்றோரே, "வென்றாயா?" என்று மட்டும் கேளாதீர்கள். "எங்கே தவறினாய்?" என்று அன்போடு கேளுங்கள். விடை சொல்லத் தெரிந்த பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கிறது என்று அறிக.