நிலத்தடியில் ஒரு கலைக்கூடம்

லண்டன் நிலக்கீழ் புகையிரதத்தில் நாள்தோறும் பயணம் செய்யும் நண்பர்களுக்கு ஒரு கேள்வி. ரொட்டன்ஹாம் கோர்ட் ரோட் நிலையத்தின் சுவர்களில் என்ன இருக்கின்றது? பதிலுக்குச் சற்று யோசிப்பீர்களாயின், இக்கட்டுரை உங்களுக்கானது.

அங்கே வண்ணக் கண்ணாடிச் சில்லுகளால் ஆன மாபெரும் மொசைக் ஓவியங்கள் உள்ளன. மேலேயுள்ள வீதியின் இலத்திரனியல் கடைகளையும் இசையையும் நினைவூட்டும் உருவங்கள் அவற்றில் நிறைந்துள்ளன. 1980களில் அவற்றைப் படைத்தவர் எடுவார்டோ பவோலொட்சி.

அவர் யார் என்பதையும் அறிந்திருத்தல் நன்று. ஸ்கொட்லாந்தில் ஐஸ்கிரீம் கடை வைத்திருந்த இத்தாலியக் குடியேறிகளின் மகன். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் 16 வயதுச் சிறுவனான அவரைப் பிரித்தானிய அரசு சிறையிலிட்டது. அவருடைய தந்தை, பாட்டனார், மாமன் ஆகிய மூவரும் கைதிகளாகக் கனடாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் சென்ற அரண்டோரா ஸ்டார் கப்பலை ஜேர்மன் நீர்மூழ்கி தாக்கியது. மூவரும் கடலில் மாண்டனர். எதிரியின் பிள்ளை என்று அன்று அடைக்கப்பட்டவரிடம்தான் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின்னர் அந்நாட்டின் தலைநகரம் தனது சுவர்களை ஒப்படைத்தது.

2015இல் நிலையம் விரிவாக்கப்பட்டபோது, நகரும் படிக்கட்டுகளின் மேலிருந்த வளைவுகள் பெயர்க்கப்பட்டன. எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. பெயர்த்த சில்லுகள் அவர் பயின்ற எடின்பரோ நகருக்கு, அங்குள்ள பல்கலைக்கழகத்திடம் சென்றன. மேடைச் சுவர்களில் இருந்தவை உள்ளிட்ட பெரும்பகுதி தப்பியது.

புகையிரத நிலையம் அருங்காட்சியகம் அல்ல, பயணிகளின் நெரிசலைக் குறைப்பதே முதற்கடமை என்பர். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அருங்காட்சியகத்தின் வாசலை ஒருபோதும் மிதிக்காத தொழிலாளிக்கும் கலை எதிர்ப்படும் இடம் இதுவொன்றே. அதனாலேயே இதன் இழப்பு பெரிது. பொதுமக்களின் சொத்து என்று சட்டம் சொல்லலாம். அம்மக்கள் ஏறெடுத்தும் பார்க்காத சொத்தைக் காப்பது யார்? சுத்தியல் விழுந்த பின்னர் எழும் குரல், பெரும்பாலும் காலந்தாழ்ந்த குரலே.

அடுத்த முறை அந்த மேடையில் நிற்கும்போது ஒரு வண்டியைப் போகவிடுங்கள். அடுத்தது சில நிமிடங்களில் வந்துவிடும். அதுவரை சுவரைப் பாருங்கள்.