ஒரு செண்டிமீட்டரும் ஓர் உயிரும்

‘ஸ்டீராய்டு’ என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே நம் பெற்றோர் பலர் நடுங்குகின்றனர். ஆஸ்துமா எனும் ஈளைநோயால் வாடும் பிள்ளைக்கு மருத்துவர் அன்றாடம் இழுக்கத் தந்த பம்பை, “பழகிவிட்டால் விடாது; வளர்ச்சி நின்றுவிடும்” என்று கூறி ஒதுக்கிவிடுகின்றனர். ஆசிரியர் சிலரும் இதற்குத் தலையாட்டுவதுதான் வேதனை!

இவ்வச்சம் முற்றிலும் பொய்யா? அன்று. உண்மையை மறைத்து வாதிடுதல் ஆசிரியர்க்கு அழகன்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் 5 முதல் 12 வயது வரையிலான 1,041 சிறுவரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. புடிசோனைடு என்னும் ஸ்டீராய்டை நான்கு ஆண்டுகளுக்கு மேல் உள்ளிழுத்தோர் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது குறைந்தது. ஆயினும், வளர்ந்தபின் அளந்தபோது, மருந்தில்லாப் பம்பை இழுத்தோரைவிட அவர்கள் சராசரியாக 1.2 செண்டிமீட்டர் குட்டையாயிருந்தனர் என 2012இல் அறிவிக்கப்பட்டது. மருந்தை நிறுத்தியபின் நுரையீரலுக்கு நிலைத்த பயனும் இல்லை. இம்மருந்து நோயை அடக்குமேயன்றி வேரறுக்காது. அளவு மிகுந்தால் அட்ரினல் சுரப்பி சோர்வுறலாம். வாய்ப்புண்ணும் குரல்கம்மலும் தோன்றலாம்.

இவை யாவும் ஒரு தட்டில் இருக்கட்டும். மறுதட்டில் இருப்பதென்ன? நள்ளிரவுத் திணறல், உறக்கமற்ற கண்களோடு வகுப்பில் சாயும் தலை, சில வேளைகளில் மரணம்! புகைமூட்ட நாள்களில் ஒவ்வொரு மூச்சுக்கும் போராடும் மாணவரை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளையிடம் ஒரு செண்டிமீட்டரைப் பற்றிப் பேச எவருக்கு நாவெழும்? வளர்ச்சி நின்றுவிடும் என்பதும் தவறு. அவ்வாய்வில் உயரக்குறைவு தொடக்க ஆண்டுகளில் நேர்ந்தது, ஆண்டுதோறும் பெருகவில்லை. அடங்காத ஈளைநோயும் வளர்ச்சியைத் தடுக்கும் என்பதை ஏன் மறக்கிறோம்? பம்புக்கு அஞ்சி நோயை முற்றவிட்டால், விழுங்கும் ஸ்டீராய்டு தேவைப்படும். முன்னதன் அளவு மைக்ரோகிராம். பின்னதன் அளவு மில்லிகிராம்! எதற்கு அஞ்ச வேண்டும்?

உடற்கட்டு வீரர் தசை பெருக்கப் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு வேறு, இது வேறு. இது போதைப்பொருளுமன்று. திணறலை உடனே தணிக்கும் நீலப் பம்பு மூச்சுக்குழாயை விரிக்குமேயன்றி, உள்ளிருக்கும் அழற்சியை ஆற்றாது. அதை மட்டுமே நம்பியிருப்பது, கூரை எரிய வாயிலில் நீர் தெளிப்பதாகும்.

ஆசிரியப் பெருமக்களே! நோயை அடக்கும் மிகக்குறைந்த அளவை மருத்துவரே முடிவு செய்யட்டும். பெற்றோர் தாமாக நிறுத்த வேண்டா. மருந்தை இழுத்தபின் வாய் கொப்பளிக்கவும், உயரத்தை முறையாக அளந்து வரவும் வலியுறுத்துங்கள். திணறும் மாணவனின் பம்பை அலுவலகத்தில் பூட்டாதீர். அவன் கையெட்டும் தொலைவில் இருக்கட்டும்.

அச்சத்தையும் அளந்தே கொள்வோம். அளவறியா அச்சம் அறிவன்று, அறியாமையே!