பழியை நடையின் மேல் போடாதீர்கள்

சென்ற மாதம் அண்ணி காலை நடையை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டேன். "நடந்துட்டு வந்தா பசி தாங்கல தம்பி. நாலு இட்லி சாப்பிடுற இடத்துல ஆறு இறங்குது. இதுக்கு நடக்காமலே இருக்கலாம்ல?" என்றார். பூங்காவிலும் டீக்கடையிலும் பலர் இதையே சொல்கிறார்கள். 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் 'டைம்' இதழ் இதை அட்டைப்படக் கட்டுரையாகவே வெளியிட்டது. வீட்டுக்கு வீடு சர்க்கரை நோய் நுழைந்துவிட்ட காலத்தில், நடந்துகொண்டிருந்தவரை உட்காரவைக்கும் இந்தப் பேச்சைச் சும்மா விட எனக்கு மனமில்லை.

உடற்பயிற்சி பசியைக் கிளறுகிறது என்கிறார்கள். வேர்த்து விறுவிறுக்க ஓடி முடித்ததும் யாருக்குப் பொங்கல் இறங்கும்? தண்ணீர்தான் இறங்கும். கடினமாகப் பயிற்சி செய்யும்போது, இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் சற்று நேரத்துக்குக் குறைகிறது. 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் குடல் ஹார்மோன்கள் கூடுகின்றன. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். சாப்பாட்டைக் குறைத்தபோது அன்றே பசி ஏறியது. அதே அளவு கலோரியை ஓடிச் செலவழித்தபோது ஏறவில்லை. பட்டினிக்குக் கூச்சல் போடும் உடம்பு ஓட்டத்துக்குப் போடவில்லை.

அப்படியானால் அண்ணிக்குப் பசித்தது பொய்யா? இல்லை. முந்தின இரவு எட்டரைக்குச் சாப்பிட்டவர், நடந்துவிட்டுக் காலை ஏழரைக்கு வீடு திரும்புகிறார். இடையில் பதினோரு மணி நேரம். நடக்காமல் படுத்துக் கிடந்திருந்தாலும் அந்த நேரத்தில் பசித்திருக்கும்.

சும்மா இருந்தால் பசி அடங்கியிருக்கும் என்ற எண்ணம்தான் எனக்கு மிகப் பெரிய தவறாகப் படுகிறது. அதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. மேற்கு வங்கத்துச் சணல் ஆலை ஒன்றில் 213 ஆண்களின் உணவையும் எடையையும் வேலையையும் கணக்கெடுத்து ஊட்டச்சத்து ஆய்வாளர் ழான் மேயரும் அவருடைய கூட்டாளிகளும் 1956இல் வெளியிட்டார்கள். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்த கடைக்காரர்கள், மேற்பார்வையாளர்கள், எழுத்தர்கள் ஒரு பக்கம். நெசவாளர்கள், கரி அள்ளுபவர்கள், சுமை தூக்குபவர்கள் மறுபக்கம். உழைப்பவர்களிடையே வேலை கூடக் கூடச் சாப்பாடும் கூடியது, எடை கூடவில்லை. உட்கார்ந்தே கிடந்தவர்களோ லேசான வேலை செய்தவர்களைவிட அதிகம் சாப்பிட்டார்கள். எடையும் அவர்களுக்குத்தான் அதிகம். கடைக்காரருக்கும் கூலிக்காரருக்கும் வருமானம் ஒன்றல்ல, ஆகவே இதை வைத்தே எல்லாம் முடிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அசையாத உடம்புக்குத் தன் தேவையின் அளவு பிடிபடுவதில்லை என்ற ஐயத்தை அந்த ஆலை அப்போதே எழுப்பிவிட்டது.

செலவழித்ததைத் தின்று ஈடுகட்டிவிடுகிறோம் என்பதில் மட்டும் உண்மை உண்டு, எல்லாருக்கும் அல்ல. ஒரே பயிற்சியைச் செய்தவர்களில் சிலர் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள், சிலர் சாப்பிடுவதில்லை. முக்கால் மணி நேர நடையில் சுமார் 150 கலோரி போகும். ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட ஒரு காபியும் அதைத் தாண்டிவிடும். நடை முடித்து நேராக ஓட்டலுக்குள் நுழையும் கூட்டத்தை நான் நாள்தோறும் பார்க்கிறேன். இலையில் முதலில் விழுவது வடை. அது பசி கேட்பதல்ல, 'இவ்வளவு தூரம் நடந்தேனே' என்ற எண்ணம் கேட்பது. நடையால் மட்டும் எடை பெரிதாகக் குறையாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சாப்பாட்டையும் பார்க்கத்தான் வேண்டும்.

உடற்பயிற்சி நாக்கைக் கெடுக்கும் என்பதும் சரியல்ல. டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஓர் ஆய்வில் பயிற்சிப் பழக்கம் இல்லாத 2,680 இளையவர்களை வாரம் மூன்று நாள், 15 வாரம் பயிற்சி செய்யவைத்தார்கள். சாப்பாட்டை மாற்றச் சொல்லவே இல்லை. ஆனாலும் பலருடைய உணவுப் பழக்கம் நல்ல பக்கமாக நகர்ந்தது என்று 2019இல் எழுதினார்கள்.

அண்ணியிடம் ஒரு வாரம் நடக்காமலே இருந்து, பசிக்கிற நேரத்தை நாள்காட்டித் தாளில் குறிக்கச் சொன்னேன். ஏழு நாளும் ஏழரை, ஏழே முக்கால் என்றே எழுதியிருந்தார். திங்கட்கிழமை விடியலில் செருப்பை மாட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.