பல் வைத்தியம் இரண்டாம் பக்ஷமா?

வருஷந்தோறும் 'நீட்' பரீட்சையின் முடிவு வெளியானதும் நமது வீடுகளில் ஒரு விசித்திரமான துக்கம் அனுஷ்டிக்கப்படுகிறது. பையனோ பெண்ணோ பரீட்சையில் தேறித்தான் இருப்பார்கள். ஆனால் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு வேண்டிய மார்க்கு சற்றே குறைந்திருக்கும், பி.டி.எஸ். என்னும் பல் வைத்தியப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கும். உறவினர்கள் வந்து, "போகட்டும், பல் டாக்டராவது ஆகட்டுமே!" என்று ஆறுதல் கூறிக் காப்பி அருந்திவிட்டுப் போவார்கள். அந்த 'ஆவது' என்ற சொல்லை இந்த வாரம் கொஞ்சம் கவனிக்க விரும்புகிறோம்.

இந்தப் படிப்பை நம் தேசத்தில் வேரூன்றச் செய்தவர் டாக்டர் ரபியுத்தீன் அகமது. 1890-இல் கிழக்கு வங்காளத்தில் பிறந்த அவர், அமெரிக்கா சென்று அயோவா சர்வகலாசாலையில் 1915-இல் பட்டம் பெற்றார். அங்கேயே இருந்து சௌகரியமாகப் பொருள் ஈட்டியிருக்கலாம். ஆனால் திரும்பி வந்து, 1920-இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் வைத்தியக் கல்லூரியை ஸ்தாபித்தார். அதற்குப் பணம் வந்த வழிதான் வேடிக்கை. 'நியூயார்க் சோடா பவுண்டன்' என்று ஒரு குளிர்பானக் கடையை நடத்தி, அதன் வருமானத்தைக் கல்லூரிக்குச் செலவிட்டார். சர்க்கரைப் பானம் பற்களுக்குச் செய்யும் தீங்கை நினைத்தால், இதைவிடப் பொருத்தமான பிராயச்சித்தம் வேறு இருக்க முடியாது!

பிற்காலத்தில் பாகிஸ்தான் ராஜீய வாழ்வில் பிரசித்தி பெற்ற பாத்திமா ஜின்னாவும் கல்கத்தாவில் இவ்வித்தையைப் பயின்று, 1923-இல் பம்பாயில் வைத்தியசாலை திறந்தவரே. பெண்களுக்கு இது ஏற்ற படிப்பா என்று இன்னும் கேட்கும் பாட்டிமார்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறோம்.

அக்காலத்தில் யார் வேண்டுமானாலும் ஒரு குறடும் ஒரு நாற்காலியும் வைத்துக்கொண்டு, பல் வைத்தியர் என்று பலகை மாட்டலாம். இந்த அலங்கோலத்தைத் தடுக்க வங்காளத்தில் 1939-இலும், தேசம் முழுமைக்கும் 1948-இலும் சட்டங்கள் ஏற்பட்டன. 1949-இல் அகமது தம் கல்லூரியைச் சர்க்காரிடம் ஒப்படைத்தார். சென்னையில் 1953-இல்தான் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக இப்படிப்பு ஆரம்பமாயிற்று. இன்று தேசத்தில் 300-க்கு மேற்பட்ட பல் வைத்தியக் கல்லூரிகள் இருக்கின்றன.

அங்கே என்னதான் கற்பிக்கிறார்கள்? நான்கு வருஷப் படிப்பு. அதன் பிறகு ஒரு வருஷம் கட்டாயப் பயிற்சி. உடற்கூறு, மருந்தியல், நோய்க்குறியியல் எல்லாம் உண்டு. ஆனால் புதிதாகச் சேர்ந்த மாணவனைத் திகைக்க வைப்பது புஸ்தகம் அன்று; ஒரு மெழுகுக் கட்டி! அதைக் கத்தியால் செதுக்கி ஒரு கடைவாய்ப் பல்லைப் படைக்க வேண்டும். மேடு, பள்ளம், வரி ஒவ்வொன்றும் அளவுப்படி இருக்க வேண்டும். பிளஸ் டூ வரையில் மனப்பாடம் செய்தே முதன்மை பெற்ற பிள்ளை, தன் விரல்கள் தன் சொற்படி கேட்கவில்லை என்பதை அன்றுதான் முதன்முதலாக அறிகிறான். ஆசிரியர் அதைப் பார்த்து, "மறுபடியும் செய்" என்கிறார்.

அடுத்தது பொம்மைத் தலை. அதன் வாயில் பற்களைப் பொருத்தி, சிறு கண்ணாடியில் பிரதிபிம்பத்தைப் பார்த்துக்கொண்டே குடைந்து பழக வேண்டும். நிலைக்கண்ணாடியின் முன் நின்று மீசை கத்தரித்துக்கொண்டவர்களுக்கு இதன் கஷ்டம் ஒருவாறு விளங்கும். பல்லின் எனாமல் தடித்த இடத்திலும் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர்தான். அளவு மீறிக் குடைந்தால் உள்ளே நரம்பும் ரத்தக் குழாய்களும் காத்திருக்கின்றன.

மூன்றாம் வருஷத்தில் மெய்யான மனிதர்கள் வந்து நாற்காலியில் உட்காருகிறார்கள். பல்லைப் 'பிடுங்குவது' என்று நாம் சொல்கிறோமே, அது சரியான வார்த்தையே அல்ல. முளைக்குச்சியை எடுப்பவன் அதை இப்படியும் அப்படியும் அசைத்து மண்ணை இளக்குவதுபோல், பல்லைச் சுற்றியுள்ள எலும்பை மெல்ல மெல்ல விரியச் செய்து, பிணைத்திருக்கும் நார்களை அறுத்தே பல்லை வெளியே எடுக்கிறார்கள். அவசரப்படும் கைக்கு வேர் முறிந்துபோகும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. நமது நாட்டு ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப்புற்று ஒன்று. புகையிலையும் பாக்கும் அதற்கு முக்கிய காரணங்கள். கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெண்மையான திட்டு. அல்லது வாயை முன்போல் அகலத் திறக்க முடியாத இறுக்கம். வலி இராது, ஆகையால் நோயாளி லக்ஷியம் செய்யமாட்டார். பல் கூசுகிறது என்று வந்தவருடைய கன்னத்தையும் நாக்கின் அடியையும் விலக்கிப் பார்த்து, "இதை உடனே சோதிக்க வேண்டும்" என்று முதலில் சொல்லக் கூடியவர் பல் வைத்தியரே. அவர் பார்க்கத் தவறினால், அடுத்தபடி பார்க்கிறவர் பெரும்பாலும் காலம் கடந்தே பார்க்கிறார். இத்தகைய பொறுப்பை 'ஆவது' என்று வந்தவரிடம் ஒப்படைக்கலாமா?

ஆயினும் மறுபக்கத்தை மறைப்பது தர்மமாகாது. சர்க்கார் கல்லூரிகளில் இடங்கள் குறைவு. தனியார் கல்லூரிகளில் செலவு லக்ஷக் கணக்கில் ஆகிறது. பட்டம் பெற்றதும் சர்க்கார் உத்தியோகம் எளிதில் கிடைப்பதில்லை. சொந்தமாகத் தொழில் ஆரம்பிக்க நாற்காலி, எக்ஸ்ரே, கருவிகளைச் சுத்திகரிக்கும் யந்திரம் என்று முதல் போட வேண்டும். பெரிய நகரங்களில் தெருவுக்குத் தெரு பல் வைத்தியர் பலகை தொங்குகிறது. சிற்றூர்க்காரரோ பல் வலியோடு பஸ் ஏற வேண்டியிருக்கிறது. குனிந்து குனிந்து வேலை செய்வதால் கழுத்தும் முதுகும் வலிக்கும் என்பதும் உண்மை. இவ்வளவையும் அறிந்து, கைவேலையில் ருசியும் பொறுமையும் உள்ள பிள்ளை சேர விரும்பினால், பெற்றோர் தாராளமாக அனுமதிக்கலாம். மார்க்கு மட்டுமே காரணமானால் இன்னொரு முறை யோசிப்பது நலம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு யோசனை. கட்டடத்தின் பளபளப்பையும் விளம்பரப் புஸ்தகத்தின் வர்ணப் படங்களையும் கண்டு மயங்க வேண்டாம். நோயாளிகள் வராத கல்லூரியில் மாணவனுடைய கை பழகாது. ஆகையால் பணம் கட்டுவதற்கு முன்னால் தகப்பனாரோ தாயாரோ ஒரு சாதாரண நாளில், முன்னறிவிப்பின்றிக் காலை ஒன்பது மணிக்கு அக்கல்லூரியின் வெளிநோயாளர் பகுதியில் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்திருக்கட்டும். எத்தனை நாற்காலிகளில் ஆள் இருக்கிறது, எத்தனை காலியாகக் கிடக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு வரட்டும்.