பிறர் ஐயமும் நம் ஊக்கமும்

உலகில் முயற்சி ஒன்றை மேற்கொண்டார் எவர்க்கும் இருவகைத் தடைகள் எதிர்ப்படுதல் இயல்பு. பொருளின்மை, பொழுதின்மை, உடல்நலிவு முதலியன ஒருவகை. ‘இஃது இவனால் ஆகுமோ? ஆயினும் இதனால் என்ன பயன்?’ என்று பிறர் கொள்ளும் ஐயம் மற்றொருவகை. முன்னையவற்றினும் பின்னையதே இளைஞர் நெஞ்சை மிகுதியுந் தளரச் செய்வது என்பது என் கருத்து. பசியைப் பொறுத்துக் கற்பவன்கூட ஏளனச் சிரிப்பைப் பொறுக்கமாட்டாமல் ஏட்டை மூடிவிடுதலைக் காண்கின்றோம். ஆதலின், இவ்வையத்தை நாம் ஏற்கவேண்டிய முறைமையைக் குறித்து என் சிற்றறிவுக்கு எட்டியவற்றை இங்கே எழுதத் துணிந்தேன்.

என் அநுபவம் ஒன்றை முதற்கண் கூறுதலை அன்பர்கள் பொறுப்பார்களாக. யான் பனைவளம் மிக்க தேரிநாட்டுச் சிற்றூர் ஒன்றிற் பிறந்தவன். கல்லூரியிற் சேருங்காலத்துத் தமிழையே சிறப்புப் பாடமாக எடுத்துக்கொண்டேன். அதனைக் கேட்ட என் மாமா எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, “மருமகனே, தாய்ப்பாலோடு வந்த தமிழைக் கற்கவா மூன்றாண்டு சம்பளம் கட்டப் போகிறாய்?” என்று வினவினார். அங்கிருந்தோர் நகைத்தனர். என் தந்தையார் நகைத்திலர், ஒன்றும் பேசவுமிலர். மாமாவின் கேள்வியினும் தந்தையாரின் மௌனமே அன்றிரவு என்னை உறங்கவொட்டாமற் செய்தது.

என் உள்ளத்தில் அதனினும் பெரியதோர் ஆசை இருந்தது. வெளியிட்டால் நகைப்பு மிகுமென்று அஞ்சி அதனை மறைத்து வைத்திருந்தேன். எம்மூர்ப் பனைத்தொழிலாளர் வழங்குஞ் சொற்களையெல்லாம் பொருளோடு தொகுக்கவேண்டும் என்பதே அவ்வாசை. கருக்கு, பன்னாடை, பாளை என மரத்தின் உறுப்புக்களுக்கு ஒரு தொகுதிச் சொற்கள். முருக்குத்தடி, தளைநார், கடிப்பு, கலயம் எனக் கருவிகளுக்கு ஒரு தொகுதி. பதநீர் புளியாதிருக்கக் கலயத்தினுள்ளே சுண்ணாம்பு பூசுதல் முதல், காய்ச்சிய பாகைச் சிரட்டையில் வார்த்துக் கருப்புக்கட்டி ஆக்குதல் வரையுள்ள தொழில்களுக்கு ஒரு தொகுதி. இவற்றை அகராதியில் தேடினேன். பல கிடைத்தன, சில எம்மூரார் வழங்கும் பொருளிற் கிடைத்தில. அப்பொழுதே இவ்வாசை முளைத்தது.

இந்நிலையில் எனக்குத் தெளிவு தந்தது டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் வரலாறாகும். இளமையில் அவர் தமிழ் ஒன்றனையே விரும்பிக் கற்றமையால், ஆங்கிலங் கற்றால் இவ்வுலக நன்மையும், வடமொழி கற்றால் மறுவுலக நன்மையும் உண்டாகும், தமிழால் யாது உண்டு என்னும் பொருள்படப் பேசினார் சிலர். அவ்வுரைகள் அவரைத் தடுத்தில. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களிடம் முறையாகக் கற்று, 1880-ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து.

அவ்வாண்டிலேயே, அந்நகருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார் அவர்களைக் காணச் சென்றார். முதலியார் அவர் கற்ற நூல்கள் யாவை என்று கேட்டார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, புராணம் என ஐயர் அடுக்கிக்கொண்டே சென்றார். கேட்டவர் முகத்தில் வியப்பின் குறி தோன்றவில்லை. இவற்றாலெல்லாம் என்ன பயன், பழைய நூல்களைக் கற்றதுண்டா என்று வினவிச் சிந்தாமணியைச் சுட்டினார். ஐயர் அதனைக் கண்டதும் இல்லை. ஆண்டு பலவாக உழைத்துத் தேடிய கல்வியை ஒருவர் ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுவாராயின் நாம் யாது செய்வோம்? சினந்து எழுந்து போவோம்; அன்றி, மனமுடைந்து வாடுவோம். ஐயர் இரண்டுஞ் செய்திலர். புத்தகங் கிடைத்தால் கற்க வல்லேன் என்றார். முதலியார் தேடித் தந்த படியைக் கற்கத் தொடங்கினார். விளங்காதவிடத்துச் சைன அன்பர்களை அடுத்துக் கேட்டார். பல ஏடுகளை ஒப்புநோக்கினார். 1887-ஆம் ஆண்டு சீவகசிந்தாமணி அச்சில் வெளிவந்தது. அதன்பின் பத்துப்பாட்டு 1889-லும், சிலப்பதிகாரம் 1892-லும், புறநானூறு 1894-லும், மணிமேகலை 1898-லும் வெளிவந்தன. இன்று எம்போன்ற மாணவர் மேசைமேல் அந்நூல்கள் கிடப்பதற்கு அன்று கேட்ட அவ்வொரு கேள்வியும் ஒரு காரணமன்றோ?

இவ்வரலாற்றில் நாம் நோக்கத்தக்கது யாது? முன்பு தமிழால் யாது உண்டு என்றவரும் ‘என்ன பயன்’ என்றே கேட்டனர். முதலியாரும் ‘என்ன பயன்’ என்றே கேட்டார். முன்னதனை ஐயர் செவியோடு விட்டார். பின்னதனை நெஞ்சில் ஏற்றார். இரண்டிற்கும் வேற்றுமை அறிந்தமையே அவர் பெருமை. முன்னையோர் வழியை அடைத்தனர். பின்னவர் வழியைக் காட்டினார். தமிழில் ‘ஐயம்’ என்னுஞ் சொல்லுக்குச் சந்தேகம் என்பதோடு பிச்சை என்றும் பொருள் உண்டு. பிறர் நமக்கு இடும் ஐயத்தை இரண்டாம் பொருளிலும் கொள்ளலாம். பிச்சையேற்பவன் கலத்தில் விழுந்ததைச் சினந்து எறிவதில்லை. கல்லை நீக்கி அரிசியைக் கொள்கின்றான். நாமும் ஏளனத்தை நீக்கிக் கேள்வியைக் கொள்வோமாக.

என் தந்தையாரது மௌனத்தையும் யான் இவ்வாறே ஆராய்ந்தேன். அதில் ஏளனம் சிறிதும் இல்லை, அச்சமே இருந்தது. தமக்குப்பின் இவன் எவ்வாறு உண்பான் என்னும் அச்சம் அன்பினின்று பிறப்பது. அதற்கு வீரமொழி விடையாகாது. பட்டம் பெற்றபின் ஆசிரியப் பயிற்சி பெறுவேன், பள்ளியில் வேலை தேடுவேன், ஓய்வுப் பொழுதிற் சொற்களைத் தொகுப்பேன் என்று அவரிடம் விளங்க உரைத்தேன். அவர் “பார்ப்போம்” என்றார். அவ்வொரு சொல்லே அப்பொழுது எனக்குப் போதியதாயிற்று. தம்மை ஐயுறும் பெற்றோரைப் பகைவராக எண்ணும் நண்பர்கள் இதனைச் சிந்திப்பார்களாக. நம் குறிக்கோள் அவர்களுக்கு விளங்காமைக்கு நாம் விளக்காமையும் ஒரு காரணமாக இருத்தல் கூடும்.

பிறர் ஐயத்தினும் கொடியது நம்முள்ளே எழும் ஐயம். 1839-ஆம் ஆண்டு தமிழ்நாட்டிற்கு வந்து, சாயர்புரம் முதலிய இடங்களில் உழைத்த போப்பையர் முதுமையில் ஆக்ஸ்போர்டிலே தமிழ் கற்பித்து வந்தார். திருக்குறள் மொழிபெயர்ப்பை 1886-இல் வெளியிட்டபின், திருவாசகத்தை மொழிபெயர்க்கும் எண்ணம் அவருக்கு உண்டாயிற்று. அது நெடும்பணியாதலின், அதனை முடிக்குந்துணையுந் தாம் உயிர்வாழ்தல் அரிது என்று அவர் ஐயுற்றார். அவர் நண்பரும் பேலியல் கல்லூரித் தலைவருமாகிய ஜோவெட் அவ்வையத்தை மறுத்து, பெரும்பணி ஒன்றைக் கையில் வைத்திருத்தலே நெடிது வாழும் வழி என்றும், முடிக்கும்வரை வாழ்வீர் என்றும் ஊக்கினார். ஜோவெட் 1893-இல் மறைந்தார். போப்பையரோ பணியை விட்டிலர். 1900-ஆம் ஆண்டு, தம் எண்பதாம் பிறந்தநாளில், அந்நூலுக்கு முன்னுரை வரைந்து இவ்வுரையாடலையும் அதில் நன்றியோடு குறித்தார். ஆயிரம் பேர் ஐயுறினும், நம்பிக்கையோடு ஒருவர் கூறும் சொல் எத்துணை வலியது என்பது இதனால் விளங்கும். நம் வகுப்பில் அருகிலிருக்கும் தோழனுக்கு அத்தகைய ஒரு சொல்லை நாம் எத்தனை முறை கூறியிருக்கின்றோம்?

‘தொடங்கியதை நீ முடிப்பாயோ?’ என்பது மற்றொரு கேள்வி. நாம் அன்றாடம் புரட்டும் அகராதியே இதற்கு விடையாகும். யாழ்ப்பாணத்தில் நைட் பாதிரியார் தொடங்கிய சொற்றொகுப்பு அவர் வாழ்நாளில் முடிந்ததன்று. பிறர் பலர் கைமாறி, 1862-ஆம் ஆண்டு விஞ்சுலோ அகராதியாக வெளிவந்தது. அதனை அடிப்படையாகக் கொண்டு விரிவான பேரகராதி ஆக்கும் பணியில் 1913-ஆம் ஆண்டு சாண்ட்லர் பாதிரியார் அமர்ந்தார். அதுவும் அவர் கையில் முடியவில்லை. வையாபுரிப் பிள்ளை அவர்கள் பதிப்பாசிரியராயிருந்த காலத்தில், 1936-ஆம் ஆண்டிலேதான் ஆறு தொகுதிகளும் நிறைவெய்தின. முடியாதென்று அஞ்சி நைட் பாதிரியார் முதற்சொல்லை எழுதாது விட்டிருப்பின், பின்வந்தோர் எதனைத் தொடர்ந்திருப்பர்?

இனி, ஊக்கம் என்பது கண்மூடித்தனம் அன்று. திருவள்ளுவர் ஊக்கமுடைமையை அறுபதாம் அதிகாரமாக வைத்தார்; வலியறிதலையோ அதற்கு முன்னே நாற்பத்தெட்டாம் அதிகாரமாக வைத்தார். தன் வலியை அளந்தறியாதவன் ஊக்கம் வைக்கோற்போர் நெருப்பைப்போல எழுந்து அவிந்துவிடும். புகழுக்காக ஒன்றை விரும்புகின்றோமோ, அப்பொருளுக்காகவே விரும்புகின்றோமோ என்று நம்மை நாமே கேட்டல் வேண்டும். ஒருவரும் பாராட்டாவிடினும் நாளைக் காலையில் இதனைச் செய்வேனோ என்பதே உரைகல். ‘செய்வேன்’ என்று நெஞ்சம் கூறுமாயின், பிறர் ஐயம் நம்மை என்ன செய்யும்?

யான் இப்பொழுது ஒரு குறிப்பேடு வைத்திருக்கின்றேன். விடுமுறை நாட்களில் நாளொன்றுக்கு ஐந்து சொற்களேனும் எழுதுதல் என் விரதம். முதன்முதல் எம்மூர்ப் பெரியவர் ஒருவரிடம் அதனோடு சென்றபொழுது, “தம்பி, மரம் ஏறவே ஆளில்லை, பேரை எழுதி வைத்து என்ன செய்யப் போகிறாய்?” என்றார். மாமாவின் கேள்வி என்னைச் சுட்டது; இக்கேள்வி என்னை விரைவுபடுத்தியது. ஏறுவாரும் இல்லையாகுங் காலம் வருமாயின், இச்சொற்களை யான் யாரிடம் கேட்பேன்? சென்ற விடுமுறையில் அவரிடம் மீண்டுஞ் சென்றேன். மூட்டுவலியால் அவர் மரமேறுதலை விட்டுவிட்டார். குறிப்பேட்டைப் படித்துக்காட்டச் சொன்னார். கண்களை மூடிக் கேட்டிருந்தவர் இரண்டு இடங்களில் என்னை நிறுத்தி, “அது தப்பு, திருத்து” என்றார். அத்திருத்தத்தினும் உயர்ந்த பரிசை இக்கல்லூரியில் யான் பெற்றதில்லை.

மாமா இன்றும் நகைக்கின்றார். அவர் நகைப்பை நிறுத்துதல் என் வேலையன்று. குறிப்பேட்டின் அடுத்த பக்கத்தை நிரப்புதலே என் வேலை. நண்பர்களே! உங்கள் குறிக்கோள் மருத்துவமாயினும், வாணிகமாயினும், இசையாயினும், உழவாயினும், ஐயுறுவோர் என்றும் உளராவர். அவரோடு வாதிட்டுப் பொழுதைக் கழியாதீர்கள். அவர் கேள்வியில் உண்மை உண்டாயின் வணங்கி ஏற்றுக்கொள்ளுங்கள். எஞ்சியதைத் திண்ணையிலேயே விட்டுவிட்டு உள்ளே சென்று விளக்கை ஏற்றுங்கள்.